ட்ரோனில் அந்தர்பல்டி: நெல்லைச் சீமையில் பழகுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கிணற்றில் நீச்சல் பழகியவர்களுக்கு அந்தர்பல்டியை விளக்க வேண்டியதில்லை. விளிம்பில் நின்று முதலில் மேலே எம்ப வேண்டும். எம்பிய உயரத்தில் உடம்பைச் சுருட்ட வேண்டும். தலை மேலே வந்ததும் விரித்து, கால் முன்னே போகத் தண்ணீருக்குள் இறங்க வேண்டும். எம்பாமல் சுருட்டியவன் கிணற்றுச் சுவரில் முதுகைச் சிராய்த்துக்கொள்வான். விரிக்கத் தவறியவனுக்கு வயிறு சிவந்துவிடும்.

என் தங்கை மகன் பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். ட்ரோனில் பல்டி அடிக்கக் கற்றுக்கொடுங்கள் மாமா என்று அவன் வந்து நின்றபோது இந்தக் கிணற்றுப் பாடத்தைத்தான் முதலில் சொன்னேன். பல்டியில் புரள்வது அரை நொடி வேலை, வலது கட்டைவிரல் அதை ஒரே நாளில் கற்றுக்கொள்ளும். அதற்கு முன்னால் எம்புவதும் பின்னால் பிடிப்பதும் இடது கையின் வேலை. மாதக்கணக்கில் பழக வேண்டியது அதுதான். இந்த வழிகாட்டியில் இடது கையைப் பற்றி அடிக்கடி வருவதற்குக் காரணமும் அதுவே.

பட்டன் பல்டியும் கைப் பல்டியும்

சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் விளையாட்டு ட்ரோன்களின் ரிமோட்டில் பல்டிக்கென்றே ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தி ஸ்டிக்கை ஒரு பக்கம் தள்ளினால் ட்ரோன் தானே புரண்டு தானே நிமிரும். உள்ளே இருக்கும் சிப்தான் அத்தனையையும் செய்கிறது. அப்படி ஒன்று வீட்டில் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். 20 முறை பட்டனை அழுத்திப் பக்கவாட்டிலிருந்து உற்றுப் பாருங்கள். புரளும் முன் அது ஒரு சாண் மேலே துள்ளும். புரண்டு முடிந்ததும் சற்று இறங்கும். உடனே மோட்டார் சத்தம் கூடி, இறக்கம் நிற்கும். துள்ளல், புரளல், பிடி என்ற அந்த மூன்றையும் நாளைக்கு நீங்கள் கையால் செய்யப் போகிறீர்கள்.

கைப் பல்டிக்கு ஆக்ரோ மோட் வேண்டும். ஆங்கிள் மோடில் ஸ்டிக் சொல்வது சாய்வை. கொஞ்சம் தள்ளினால் கொஞ்சம் சாயும், விட்டால் நேராகும், எவ்வளவு தள்ளினாலும் ஓர் எல்லைக்கு மேல் சாயாது. ஆக்ரோவில் ஸ்டிக் சொல்வது சுழலும் வேகத்தை. தள்ளியிருக்கும் வரை சுழன்றுகொண்டே இருக்கும். விட்டால் சுழற்சி நிற்கும், ஆனால் அப்போதிருந்த சாய்விலேயே நிற்கும். நேராக்குவது உங்கள் பொறுப்பு. இரண்டுக்கும் நடுவில் ஹொரைசன் என்று ஒரு மோட் உண்டு. ஸ்டிக்கை முழுக்கத் தள்ளினால் புரளும், விட்டால் நிமிர்ந்துகொள்ளும். பலர் அதில் தொடங்கச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நிமிர்த்தும் வேலையை அது எடுத்துக்கொள்வதால் உங்கள் விரல் அதைப் பழகுவதே இல்லை. பிறகு ஆக்ரோவுக்கு வரும்போது பழகியதை மறந்து முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

எந்த ட்ரோன்

படம் பிடிக்கும் ஜிபிஎஸ் ட்ரோன்கள் பெரும்பாலும் இதற்கு ஆகாது, அவற்றின் மென்பொருளே புரள விடாது. பீட்டாஃப்ளைட் மென்பொருளில் ஓடும் சிறிய ட்ரோன்கள்தான் நமக்கு வேண்டும். மொபுலா 6, மீட்டியோர் 75 போன்ற வூப் வகை ட்ரோன்களில் புரொப்பெல்லரைச் சுற்றி வளையம் இருக்கும். எடை மிகக் குறைவு என்பதால் விழுந்தாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. குறை என்னவென்றால், 10 மீட்டர் உயரத்தில் ஒரு தட்டான் அளவுக்குத்தான் தெரியும், சிறு காற்றுக்கும் அலையும். 3 இஞ்ச் புரொப்பெல்லர் போட்ட, பேட்டரியோடு 250 கிராமைத் தாண்டாத ட்ரோன் கண்ணுக்கு நன்றாகத் தெரியும், காற்றையும் ஓரளவு தாங்கும். வெளியில் பழக என் தேர்வு அதுதான். 5 இஞ்ச் ட்ரோனை முதல் பல்டிக்கு எடுக்காதீர்கள். பேட்டரியோடு அரைக் கிலோவைத் தாண்டும் அது, கையிலோ காலிலோ பட்டால் தையல் போட வேண்டியிருக்கும்.

ரிமோட்டைத் தனியாக வாங்குங்கள். கம்ப்யூட்டரில் யுஎஸ்பி வழியே செருகினால் ஜாய்ஸ்டிக்காக வேலை செய்யும் ரிமோட்டாக இருக்கட்டும். இடது ஸ்டிக்கில் த்ராட்டிலும் (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது) திரும்பலும், வலது ஸ்டிக்கில் ரோலும் (பக்கவாட்டில் புரள்வது) பிட்சும் (முன்பின்னாகச் சாய்வது) இருப்பது மோட் 2. இங்கே எல்லோரும் பழகியிருப்பது அதுதான் என்பதால், மற்றவர் உங்கள் ரிமோட்டை வாங்கிக் கைகொடுக்கவும் வசதி.

தலைகீழானால் என்ன நடக்கிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் வெளியே போகாதீர்கள். ட்ரோன் வலப்பக்கம் புரள வேண்டுமென்றால் இடப்பக்க மோட்டார்கள் இரண்டும் வேகமெடுக்கும், வலப்பக்கத்தவை இரண்டும் தணியும். புரொப்பெல்லர் காற்றைத் தள்ளுவது எப்போதும் ட்ரோனின் அடிப்பக்கமாக. நிமிர்ந்திருக்கும்போது காற்று தரையை நோக்கிப் போகும், ட்ரோன் மேலே நிற்கும். தலைகீழாகும்போது அதே காற்று வானத்தை நோக்கிப் போகும், ட்ரோன் தரையைப் பார்த்துப் பாயும். தன் எடையைப் போல 4 மடங்கு இழுவிசை உள்ள ட்ரோனைத் தலைகீழாக வைத்து முழு த்ராட்டில் கொடுத்தால், வெறுமனே விழுவதைப் போல 5 மடங்கு முடுக்கத்தில் இறங்கும்.

நான் பழகிய காலத்தில், வற்றிப்போய்ப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த ஒரு குளத்துக்குள் முதல் பல்டியை அடித்தேன். பாதி புரண்டதும் அது விழுவது தெரிந்தது. விழுகிறதே என்ற பயத்தில் கை தானாக த்ராட்டிலை ஏற்றியது. ஆணி அடித்த மாதிரி தரையில் இறங்கியது. புரொப்பெல்லர் நான்கும் போயின, மோட்டாரைத் தாங்கும் ட்ரோன் கைகளில் ஒன்று முறிந்தது. விழும் பொருளைத் தூக்கிவிடத் துடிப்பது கையின் இயல்பு. அந்த இயல்பை அரை நொடிக்கு அடக்கத்தான் கீழே வரும் பயிற்சிகள் எல்லாம்.

கணக்கு ஒன்றையும் மனதில் வையுங்கள். பீட்டாஃப்ளைட்டின் இயல்பு அமைப்பில் ரோல் வேகம் நொடிக்கு 670 டிகிரி. ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 0.54 நொடி. அந்த நேரத்தில் நின்ற நிலையிலிருந்து விழும் எந்தப் பொருளும் 1.4 மீட்டர் இறங்கியிருக்கும். பயந்துகொண்டு வேகத்தை 360 டிகிரியாகக் குறைத்தால் சுற்றுக்கு 1 நொடி ஆகும், 4.9 மீட்டர் விழும். மெதுவான பல்டிதான் ஆபத்தானது. ஆகவே புதியவர்கள் செய்கிற முதல் காரியமான வேகக் குறைப்பைச் செய்யாதீர்கள். இயல்பு அளவை அப்படியே விடுங்கள்.

எம்புவதன் பயனும் இதே கணக்கில் வருகிறது. நொடிக்கு 2.6 மீட்டர் வேகத்தில் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது த்ராட்டிலை விட்டால், இன்னும் கொஞ்சம் ஏறி, திரும்பி, 0.54 நொடியில் விட்ட உயரத்துக்கே வந்து நிற்கும். கிணற்று மேட்டில் எம்பிய பையன் விளிம்பின் உயரத்திலேயே ஒரு சுற்றை முடிப்பது இப்படித்தான்.

ட்ரோனைத் தயார் செய்தல்

ஆர்ம் செய்யும், அதாவது மோட்டார்களைச் சுற்ற விடும் சுவிட்ச் ஒன்று, மோட் மாற்றும் சுவிட்ச் ஒன்று. மோட் சுவிட்சில் ஒரு நுனியில் ஆங்கிள், மறு நுனியில் ஆக்ரோ. பதற்றத்தில் எந்தப் பக்கம் தட்டினால் ஆங்கிள் வரும் என்பது விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆக்ரோவில் குழம்பிவிட்டால் ஆங்கிளுக்குத் தட்டினால் ட்ரோன் தானே நிமிரும், உயரம் இருந்தால் பிழைக்கும்.

அடுத்தது ஏர்மோட். இது இல்லாவிட்டால் த்ராட்டில் பூஜ்யத்துக்கு வந்தவுடன் ட்ரோனின் மூளையான ஃப்ளைட் கண்ட்ரோலர் மோட்டார்களைத் தன் பிடியிலிருந்து விட்டுவிடும், பாதிப் பல்டியில் புரளல் தடுமாறும். ஏர்மோட் இருந்தால் த்ராட்டில் பூஜ்யத்திலும் ரோலும் பிட்சும் கேட்கும். பீட்டாஃப்ளைட்டின் அண்மைப் பதிப்புகளில் இது ஏற்கெனவே இயக்கத்தில்தான் இருக்கும், இருந்தாலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஏர்மோட் இல்லாத பொம்மை ட்ரோனில் முயல்கிறீர்கள் என்றால் த்ராட்டிலை முழுக்க விடாமல் ஐந்தில் ஒரு பங்கு வைத்திருங்கள்.

ரிமோட் தொடர்பு அறுந்தால் மோட்டாரை நிறுத்துவது ஃபெயில்சேஃப். அதன் சோதனையைப் புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். ஆர்ம் செய்து ரிமோட்டை அணைத்தால் மோட்டார் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அன்றைக்குப் பறத்தல் கிடையாது.

கடைசியாக நிறம். மேல் பக்கத்தில் வெள்ளை ஸ்டிக்கர், அடிப்பக்கத்தில் கறுப்பு டேப். முன் கைகள் இரண்டிலும் சிவப்பு நாடா. சின்ன வேலைதான், ஆனால் கண்ணால் பார்த்து ஓட்டும் பல்டிக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. சுழலும்போது வெள்ளை, கறுப்பு, வெள்ளை என்று மின்னும். இரண்டாவது வெள்ளைதான் நிறுத்த வேண்டிய இடம்.

வீட்டுக்குள் பத்து மணி நேரம்

ரிமோட்டைக் கம்ப்யூட்டரில் செருகி, திரையில் ட்ரோன் ஓட்டிப் பழகும் சிமுலேட்டரில் தொடங்குங்கள். லிஃப்ட்ஆஃப், வெலோசிட்ரோன் காசு கொடுத்து வாங்குபவை. எஃப்பிவி ஸ்கைடைவ் இலவசம். பழைய லேப்டாப் என்றால் எஃப்பிவி ஃப்ரீரைடர் ஓடும், அதில் தரையில் நின்று பார்க்கும் கோணமும் உண்டு. பல்டி பழக அந்தக் கோணம்தான் தேவை.

மொத்தம் 10 மணி நேரம் ஓட்டிவிட்டு வெளியே போங்கள். ஒரே மூச்சில் வேண்டாம், தினமும் அரை மணி போதும். முதல் 5 மணி நேரத்தில் ஒரு பல்டிகூட அடிக்காதீர்கள். ஆக்ரோவில் ஒரே உயரத்தில் நிற்பது, சதுரமாகச் சுற்றுவது, மூக்கு, அதாவது ட்ரோனின் முன்பக்கம், உங்களைப் பார்க்க நிற்பது. மூக்கு உங்களைப் பார்க்கும்போது இடமும் வலமும் மாறிப்போகும், அந்தக் குழப்பம் தீரும் வரை இருங்கள். பிறகு பல்டி. சிமுலேட்டரில் 100 பல்டி அடித்து அதில் 90 விழாமல் முடிந்தால் நீங்கள் தயார். என் மருமகன் பல்டி தொடங்கிய மூன்றாம் நாளே 90-ஐத் தொட்டான். ஆனால் ஒவ்வொரு பல்டிக்கும் 8 மீட்டர் இறங்கினான். உயரத்தையும் கணக்கில் எடுக்கச் சொன்ன பிறகு எண்ணிக்கை 40-க்கு வந்தது. அங்கிருந்து ஏறியதுதான் உண்மையான ஏற்றம்.

எங்கே, எப்போது

நம் ஊரில் காற்றுதான் முதல் கேள்வி. ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் மேகாத்து, அதாவது மேற்குக் காற்று, அள்ளிக்கொண்டு வரும். ராதாபுரம், பணகுடி பக்கம் இத்தனை காற்றாலைகள் நிற்பதே அதனால்தான். குற்றாலத்தில் சாரல் விழும் அந்தக் காலத்தில் சிமுலேட்டரோடு இருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை. தை தொடங்கிப் பங்குனி வரை, காலை 6 மணியிலிருந்து 8 மணிக்குள் நமக்கு வாய்த்த நேரம். பக்கத்துப் பனையில் ஓலை சலசலத்தால் பையைத் திறக்காமலே திரும்பிவிடுங்கள்.

இடத்தில் எனக்குப் பிடித்தது பிசானப் பருவ நெல் அறுவடை முடிந்த வயல். நெல் தாள் நிற்கும் வயலில் விழும் ட்ரோனுக்கு அது மெத்தை. வயல்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். அறுப்புக்குப் பின் உளுந்து விதைத்திருந்தால் அந்த வயலுக்குள் காலே வைக்கக் கூடாது. சித்திரை, வைகாசியில் வற்றிய குளங்கள் பரந்த இடம்தான், ஆனால் தரை கல் மாதிரி இறுகியிருக்கும், கரையெல்லாம் உடைமுள்.

திசையன்விளைப் பக்கத்துத் தேரியை, அந்தச் செம்மணல் மேட்டைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். செம்மண் பூப்போல இருக்கும், ஆளரவம் இருக்காது. நானும் அப்படிப் போனேன். நான்காவது பல்டியில் மணலில் விழுந்தது. எடுத்துப் பார்த்தால் எதுவும் உடையவில்லை. ஆனால் மோட்டாரைக் கையால் சுற்றியபோது நறநறவென்றது. கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். மோட்டாரின் காந்தங்களுக்கும் செப்புக் கம்பிச் சுருளுக்கும் நடுவில் கறுப்பாக, எறும்பின் கால் மாதிரி, மணல் குத்திட்டு நின்றது. தேரி மணலிலும் உவரிக் கடற்கரை மணலிலும் இரும்பு கலந்த கனிமத் துகள்கள் இருக்கின்றன, மோட்டார் காந்தம் அவற்றை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஊதினால் போகாது. செல்லோ டேப்பைச் சிறு சிறு துண்டாக வெட்டி, ஒட்டும் பக்கத்தை உள்ளே விட்டு விட்டு எடுத்ததில் ஒரு மோட்டாருக்கு முக்கால் மணி நேரம் ஆனது. தேரியில் பழகுவதானால் பழைய தார்ப்பாய் ஒன்றை விரித்து அதன் மேலிருந்து ஏற்றி இறக்குங்கள். மணலில் விழுந்தால் அங்கேயே ஆர்ம் செய்து பார்க்காதீர்கள்.

பனைக்கு அருகிலும் வேண்டாம். ஒருமுறை என் ட்ரோன் உச்சி மட்டையில் போய் உட்கார்ந்துவிட்டது. பதநீர்க் காலம் என்பதால் பனையேறும் அண்ணாச்சி ஒருவர் அருகில் இருந்தார். ஏறிப் பார்த்துவிட்டு மேலிருந்தே சொன்னார்: "ஏ தம்பி, கருக்குல சிக்கிக் கெடக்கு. வெடுக்குனு இழுத்தா வயரு அறுந்து போயிரும். பொறு, மட்டையோட வெட்டிப் போடுதேன்." பாளை அரிவாளால் மட்டையை அரிந்து, ட்ரோனை இடுப்புப் பெட்டியில் வைத்து இறக்கிக் கொடுத்தார். பேட்டரி இன்னும் செருகியபடியே இருந்தது. அவர் கை வைக்கும் முன் நான் ரிமோட்டில் டிஸ்ஆர்ம் செய்து மோட்டார்களைப் பூட்டியிருந்தேனா என்பதைத்தான் முதலில் சரிபார்த்தேன். உங்கள் ட்ரோனை வேறொருவர் எடுத்துத் தரும் எந்தத் தருணத்திலும் அதுதான் முதல் வேலை.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை நானோ வகை, அதை ஓட்டத் தனி உரிமம் வேண்டியதில்லை. பச்சைப் பகுதியில் 400 அடி வரை பறக்கலாம். நமக்கு அதில் கால் பங்கே போதும். ஆனால் எந்த இடம் பச்சை, எது மஞ்சள், எது சிவப்பு என்று டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்க்காமல் கிளம்பக் கூடாது. கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம், விஜயநாராயணம் கடற்படைத் தளம், வாகைக்குளம் விமான நிலையம், பாளையங்கோட்டை மத்தியச் சிறை என்று நம் பக்கத்தில் விலகி நிற்க வேண்டிய இடங்கள் நிறைய. களக்காடு முண்டந்துறைக் காட்டையும் கூந்தன்குளத்தையும் கங்கைகொண்டான் மான் சரணாலயத்தையும் தொடவே வேண்டாம். கூந்தன்குளத்தில் ஊர் மக்களே காத்து வளர்க்கும் பறவைக் கூடுகள் உண்டு, புரொப்பெல்லர் சத்தம் அங்கே ஒலிக்கக் கூடாது. ஆனித் தேரோட்டம் போன்ற எந்தக் கூட்டத்தின் மேலும் ட்ரோன் ஏறக் கூடாது.

பல்டிக்கு முன் இடது கைக்கு மூன்று பாடம்

முதல் பாடம், மிதக்கும் புள்ளி. ட்ரோன் ஏறாமல் இறங்காமல் நிற்கும்போது இடது ஸ்டிக் எங்கே இருக்கிறது? கண்ணை ட்ரோனிலிருந்து எடுக்காமல், ஸ்டிக்கைக் கீழே இறக்கி மறுபடி அந்த இடத்துக்குக் கொண்டுவரப் பழகுங்கள். பிடிப்பது என்பது இந்தப் புள்ளிக்குத் திரும்பி வருவதுதான். கை தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

இரண்டாம் பாடத்துக்கு நான் வைத்த பெயர் வெற்றுத் தாவல். 10 மீட்டர் உயரத்தில், அதாவது மூன்று மாடி வீட்டு உயரத்தில் நிறுத்துங்கள். உங்களிடமிருந்து 10 மீட்டர் தள்ளி, வெயில் உங்கள் முதுகில் இருக்கட்டும். த்ராட்டிலைச் சட்டென்று முக்காலுக்கு ஏற்றுங்கள், ட்ரோன் பாயும். உடனே பூஜ்யம். "ஒன்று" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பிடியுங்கள். புரளல் கிடையாது, வலது கை அசையவே கூடாது. பிடிக்கும்போது மிதக்கும் புள்ளியைத் தாண்டி ஒரு கணம் ஏற்றி, இறக்கம் நின்றதும் புள்ளிக்கு வர வேண்டும். சரியாகப் பிடித்தால் மோட்டார் சத்தம் ஒரே சீராக எழும்பி அடங்கும். தாமதமாக, அவசரமாகப் பிடித்தால் தன் காற்றுக்குள்ளேயே விழுந்து தடதடவென்று உதறும். காதால் கேட்டே வித்தியாசம் தெரியும்.

மருமகனை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க, 6 பேட்டரி தீரும் வரை, வெற்றுத் தாவல் மட்டுமே செய்ய வைத்தேன். அவனுக்கு ஏமாற்றம்தான். ஆனால் மாலையில் இடது கட்டைவிரலைப் பார்த்தேன்: ஸ்டிக்கின் முனைப் பற்கள் பதிந்து சின்னப் பூ மாதிரி தடம் இருந்தது. அந்தத் தடம் விழும் அளவு செய்திருந்தால் போதும்.

மூன்றாம் பாடம், கால் பல்டி. வலப்பக்கம் 90 டிகிரி வரை சாய்த்து நிறுத்தி, உடனே இடப்பக்கம் தட்டி நிமிர்த்துங்கள். சாய்ந்த நிலையில் ட்ரோன் பக்கவாட்டில் நழுவும், பயப்பட வேண்டாம். ஸ்டிக்கை விட்ட இடத்தில் அது நிற்கும் என்ற நம்பிக்கை விரலுக்கு வருவதற்காக இது.

முதல் பல்டி

புதிதாக ஏற்றிய பேட்டரியைச் செருகுங்கள். ஒரு நிமிடம் சும்மா மிதக்க விட்டு, அதிர்வு ஏதும் இருக்கிறதா என்று கேளுங்கள். பிறகு ட்ரோனின் வால் உங்களைப் பார்க்க, 10 மீட்டரில் நிறுத்துங்கள். மூக்கு காற்றைப் பார்த்து இருக்கட்டும். பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது, கூட வந்தவர் உங்களுக்குப் பின்னால் நிற்கட்டும். ஆக்ரோவுக்கு மாற்றுங்கள்.

ஏற்று. த்ராட்டில் முக்கால், அரை நொடி. ட்ரோன் நேராக மேலே போக வேண்டும். சாய்ந்து போனால் பல்டி வேண்டாம், பிடித்து நிறுத்தி மறுபடி தொடங்குங்கள். சாய்ந்த தாவலில் அடித்த பல்டி சாய்ந்த பக்கமே போய் விழும்.

விடு. த்ராட்டில் கீழே. இது முழுதாக நடந்த பிறகுதான் அடுத்தது. இரண்டையும் சேர்த்துச் செய்ய ஆசை வரும், வேண்டாம்.

புரட்டு. வலது ஸ்டிக்கை வலப்பக்கம் முழுக்க, முட்டும் வரை. பாதி தள்ளினால் பாதி வேகம், அதில் விழுகிற உயரம் அதிகம். தள்ளும்போது மேலோ கீழோ சரியாமல் நேர்க்கோட்டில் போக வேண்டும்.

நிறுத்து. வெள்ளை, கறுப்பு, மறுபடி வெள்ளை எட்டிப் பார்க்கத் தொடங்கும்போதே ஸ்டிக்கை நடுவுக்கு விடுங்கள். முழு வெள்ளைக்குக் காத்திருந்தால் தாமதமாகிவிடும். கை 0.05 நொடி தாமதித்தாலே அந்த வேகத்தில் 33 டிகிரி கூடுதலாகச் சுற்றிவிடும்.

பிடி. வெற்றுத் தாவலில் பழகிய அதே பிடி. கொஞ்சம் கோணலாக நின்றாலும் முதலில் பிடியுங்கள், கோணலை அப்புறம் திருத்தலாம். 20 டிகிரி சாய்வில் பிடித்தால் சற்று நழுவும், அவ்வளவுதான். நேராக்கிவிட்டுப் பிடிக்கலாம் என்று இருந்தால் தரை வந்துவிடும்.

மருமகன் முதல் பல்டியில் சுற்றிவிட்டுத் திகைத்து நின்றான். "மாமா, எங்கன பாத்து நிக்குன்னே தெரியல!" "வெள்ள தெரியுதாலே? தெரிஞ்சா பிடி!" பிடித்தான். தரைக்கு மேல் ஆளுயரத்தில் நின்றது. 10 மீட்டரில் தொடங்கியது 2 மீட்டரில் முடிந்திருந்தது. அடுத்த முறை 15 மீட்டருக்குப் போகச் சொன்னேன். உயரத்தைக் குறைக்கும் ஆசை பல்டி பழகியவுடன் வரும். பத்துக்குப் பத்து சுத்தமாக வரும் வரை 10 மீட்டருக்குக் கீழே வராதீர்கள்.

கோளாறு எங்கே இருக்கிறது

புரண்டபின் ட்ரோன் முன்னாலோ பின்னாலோ பறந்துபோனால், ரோல் தள்ளும்போது விரல் பிட்சையும் சேர்த்துத் தள்ளியிருக்கிறது. ஸ்டிக்கின் தலையை ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள், பலருக்கு இதிலேயே சரியாகும். மூக்கு திசை மாறியிருந்தால் குற்றம் இடது கையில். த்ராட்டிலை இறக்கும்போது பக்கவாட்டில் இழுத்துவிட்டீர்கள், அது ட்ரோனைத் திருப்பிவிட்டது.

ஒன்றே கால் சுற்று சுற்றி நிற்கிறதென்றால் தாமதமாக விடுகிறீர்கள். முக்கால் சுற்றில் நிற்கிறதென்றால் பயத்தில் சீக்கிரம் விடுகிறீர்கள். இரண்டிலும் ட்ரோன் பக்கவாட்டில் கிடக்கும், த்ராட்டில் கொடுத்தால் அம்பு மாதிரி பக்கவாட்டில் பாயும். முக்கால் சுற்றில் நின்றால் அதே பக்கம் இன்னொரு தட்டு தட்டி முடியுங்கள். எதிர்ப்பக்கம் திருப்பாதீர்கள், தலைகீழ் நிலையை மறுபடி கடக்க வேண்டியிருக்கும்.

எல்லாம் சரியாகச் செய்தும் ஒவ்வொரு பல்டிக்கும் இறக்கம் கூடிக்கொண்டே போனால் பேட்டரியைப் பாருங்கள். லிப்போ வகை பேட்டரியின் ஒரு செல் நிறைந்தால் 4.2 வோல்ட். பறக்கும்போது 3.5-க்கு வந்தால் இறக்கிவிட வேண்டும். பல்டிக்கு நான் 3.7 வரைதான் வைத்துக்கொள்வேன். தளர்ந்த பேட்டரியில் த்ராட்டிலைச் சட்டென்று ஏற்றும்போது வோல்டேஜ் சரிந்து, பிடி கிடைக்காது.

முன்பல்டி, பின்பல்டி

வலப்பல்டி படிந்ததும் இடப்பல்டிக்குப் போங்கள். பழகிய பக்கத்திலேயே நின்றால் மறுபக்கம் என்றைக்கும் வராது. அடுத்தது பின்பல்டி: ட்ரோனைப் பக்கவாட்டில், உங்கள் முன்னால் குறுக்காகப் போகும்படி நிறுத்துங்கள், சுழல்வது அப்போதுதான் நன்றாகத் தெரியும். வலது ஸ்டிக் உங்களை நோக்கி முழுக்க. மெதுவாக முன்னே போகும்போது பின்பல்டி அடித்தால் முடிவில் முன்வேகம் தணிந்து அழகாக நிற்கும். முன்பல்டிக்கு நின்ற நிலையே போதும்.

ட்ரோன் கேமராவின் படம் தெரியும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதன் வழியாக அடிப்பதானால் கூட ஒருவர் நின்று ட்ரோனைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கேமரா மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதால் ரோல் அடிக்கும்போது படம் ஒரு வட்டமாக வீசும், அதற்குப் பயந்து கையை எடுத்துவிடாதீர்கள். முதல் நாள் கேமராச் சாய்வை 15 டிகிரிக்குக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பவர் லூப் என்பது வேறு. அதில் த்ராட்டிலை முழுக்க விடாமல், காற்றில் ஒரு பெரிய வட்டம் வரைய வேண்டும், தலைகீழாகும்போது மட்டும் தணித்து மறுபடி ஏற்ற வேண்டும். பல்டியில் இடது கை தெளிந்த பிறகு அதற்குப் போகலாம். வட்டம் இறங்க இடம் வேண்டும் என்பதால் 20 மீட்டரில் தொடங்குங்கள்.

விழுந்த பின்

தரையில் பட்டதும் டிஸ்ஆர்ம். சொல்லப்போனால் பட்ட பிறகுகூட அல்ல, படப் போகிறது என்று தெரிந்ததுமே. புல்லிலோ தாளிலோ சிக்கிச் சுற்ற முயலும் மோட்டார் நிமிடத்தில் புகைந்துவிடும். தலைகீழாகக் கிடந்தால், மோட்டாரை எதிர்த்திசையில் சுற்ற விடும் டர்டில் மோடில் கவிழ்த்து நிமிர்த்தலாம், ஆனால் நெல் தாளுக்குள் அதை முயலாதீர்கள், நடந்துபோய் எடுங்கள்.

எடுத்ததும் பேட்டரியைக் கழற்றுங்கள், பிறகு பாருங்கள். புரொப்பெல்லர் ஓரத்தில் நகத்தை ஓட்டினால் சிறு வெட்டும் தட்டுப்படும், தட்டுப்பட்டால் மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு மோட்டாரையும் கையால் சுற்றுங்கள், நான்கும் ஒரே மாதிரி சுற்ற வேண்டும். பேட்டரி உப்பியிருந்தாலோ ஓரம் நசுங்கியிருந்தாலோ அதை மறுபடி சார்ஜ் செய்யக் கூடாது.

சித்திரை வெயிலில் பேட்டரியை பைக் பெட்டிக்குள் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். பறந்து முடிந்த பேட்டரி ஆறும் வரை நிழலில் வைத்து, வீட்டுக்கு வந்தபின் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் ஏற்றி வையுங்கள். சார்ஜ் ஏறும் வரை பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், ஒரு வாளி மணலும் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது தேரி மணல்தான், அன்றைக்குத் தார்ப்பாயோடு அள்ளிக்கொண்டு வந்தது.